ஏட்டு மகள் ஏட்டி

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏட்டி, சாப்ட்டியா. ஏட்டி, மோட்டாரை நிப்பாட்டு. அதிலும் அப்பா கூப்பிட்டால் தெருமுனை வரை கேட்கும். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் ஹெட் கான்ஸ்டபிள்; ஊர் வாயில் ஏட்டு. ஏட்டு மகள் ஏட்டி என்று தெருவில் கேலி செய்வார்கள். எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுகிற அந்த 'ஏட்டி' வெளியூர்க்காரர்கள் காதில் அதட்டலாக விழும் என்பது, நான் வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஹாஸ்டலில் என் அறைத்தோழி செட்டியார்பட்டிக்காரி, மில் தொழிலாளியின் மகள். சாம்பாரில் மிதந்த புழுவைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டாள். நிர்வாகம் அவளைச் சஸ்பெண்ட் செய்துவிட்டது. புழு ஹாஸ்டலிலேயே இருந்தது, வெளியே போக வேண்டியவள் அவள். பரீட்சை எழுதாவிட்டால் படிப்பை நிறுத்தி மில்லுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அழுதாள். அவளைப் பரீட்சை எழுத விடும் வரை எழுந்திருப்பதில்லை என்று நிர்வாகக் கட்டடத்து வாசலில் உட்கார்ந்தோம்.

பேச அதிகாரிகள் யாரும் இறங்கி வரவில்லை. போலீஸ் வேன்தான் வந்தது. அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் பந்தோபஸ்துக்கு ஆள் இறக்கியிருந்தார்கள். எல்லாரும் ஹெல்மெட் மாட்டியிருந்ததால் முகம் தெரியவில்லை. ஆனால் என் முன்னால் வந்து நின்றவரின் தொப்பையைப் பார்த்ததுமே அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

குனிந்து, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "ஏட்டி, எந்திரி. செத்த நேரத்துல அடி விழும். ஓடிரு."

பக்கத்தில் இருந்தவள் வேலூர்ப் பெண். அவளுக்கு அது ஏட்டு என்று கேட்டிருக்கிறது. ஆள் பதவியைச் சொல்லி மிரட்டுகிறார் என்று நினைத்து, "ஏட்டா இருந்தா எங்களுக்கென்ன?" என்று கத்தினாள். பின்னால் இருந்த பையன்கள் விடுவார்களா? "ஏட்டா இருந்தா எங்களுக்கென்ன! எஸ்.பி.யா இருந்தா எங்களுக்கென்ன!" அதுவே கோஷமாகிவிட்டது. நிஜமாகவே ஏட்டான அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்! என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

இவர் என் அப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மட்டும் பத்திரமாக வெளியே போயிருக்கலாம். அறைத்தோழி என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் தன் பிள்ளையை மட்டும் பொறுக்கி எடுக்க வந்த அந்தக் கையின் மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது.

"கையை விடுங்க. மரியாதையா பேசுங்க."

அப்பா கையை விட்டார். "எந்திரிங்கம்மா," என்றார், என்னைப் பார்த்து. அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். என் முழங்கையில் விழுந்த அடி அவர் அடித்ததல்ல, பக்கத்தில் நின்றவர் அடித்தது. ஆனால் அப்பா பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். பேண்டேஜ் துணி மில்லில் வேலை பார்க்கிற அம்மா, அந்தத் துணியாலேயே என் முழங்கையைச் சுற்றிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தாள். அப்பா டூட்டிக்குக் கிளம்பி, யூனிஃபார்மோடு வாசலில் நின்றார்.

"ஹெல்மெட்டை மாட்டிட்டா எனக்கு யாரு எவருன்னு தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சுதே."

"ஏட்டி, திரும்ப அங்க போய் உக்காரக் கூடாது."

"உக்காரத்தான் போறேன். யூனிஃபார்ம்ல இருக்கும்போது என்னைய ஏட்டின்னு கூப்பிடாதீங்க."

சொன்னபடி போய் உட்கார்ந்தேன். கட்டுப் போட்ட கைகளும் தலைகளுமாக முன்னைவிடப் பெரிய கூட்டம். நிர்வாகம் இறங்கி வந்தது. அறைத்தோழி பரீட்சை எழுதினாள். சாம்பாரில் இப்போதும் எப்போதாவது புழு வருகிறது. போட்டோ எடுப்பவர்களை மட்டும் யாரும் ஒன்றும் செய்வதில்லை.

அப்பாதான் இறங்கி வரவில்லை. அதன் பிறகு ஊருக்குப் போனபோதெல்லாம், கைலி கட்டியிருந்தாலும், "வாங்க, சாப்பிடுங்க" என்றார். ஏதோ தாசில்தார் வீட்டுக்கு வந்த மாதிரி. எனக்கு வலித்தது. அழுகையும் வந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கிற உத்தேசம் எனக்கு இல்லை. நாளைக்கே இன்னொருத்தியை வெளியே தள்ளினாலும் போய் உட்காருவேன், எதிரே யார் வந்து நின்றாலும் சரி.

போன மாதம் ஹாஸ்டலில் இருந்தபோது போன் வந்தது. எடுத்தால் தொண்டையைச் செருமுகிற சத்தம் மட்டும்.

"டூட்டியில இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. வீட்லதான். கைலி கட்டியிருக்கேன்."

"அப்பக் கூப்பிடலாம்."

"ஏட்டி," என்றார் அப்பா, "முழங்கை இப்ப வலிக்கா?"