எதிர்ச் சுவரில் ஓநாய்

காலையில் கண் திறந்ததும் நரி முகத்தைப் பார்த்தால் அன்றைக்கு நல்லது நடக்கும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. நான் நம்புவதில்லை. இப்படிப்பட்டவற்றைக் கிண்டல் செய்து வாரப் பத்திரிகைகளில் எழுதியே தலை நரைத்தவன். ஆனால் சாரம் பகுதியில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருப்பவனின் படுக்கையறையை எந்த வாசகர் வந்து பார்க்கப் போகிறார்?

மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் மனைவிக்கும் மகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. மகளின் படிப்புக்காக மூன்று வருடங்களுக்கு முன் இருவரும் அங்கே போனார்கள். தமிழை விட்டு வரமாட்டேன் என்று நான் இங்கேயே இருந்துவிட்டேன். தமிழ் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்த ஆகஸ்ட் விடுமுறைக்காவது மகள் வருவாளா? கேட்டால் தெரிந்துவிடும். முடியாது என்று சொல்லிவிட்டால்? அதனால் கேட்கவில்லை. பதிலாக லேமினேஷன் கடைக்குப் போனேன்.

"நரி படம் ஒண்ணு வேணும். நண்பர் ஒருத்தர் கேட்டாரு."

"எல்லாரும் நண்பருக்குத்தான் சார் வாங்கறாங்க," என்றபடி கடைக்காரர் கணினியில் தேடினார். "கட்டிலுக்கு நேரா மாட்டச் சொல்லுங்க. நண்பர் கண்ணாடி போடறவரா? அப்ப பெரிசா போட்டுடறேன்."

மூன்று வாரம் அந்த முகத்தில் விழித்தேன். தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது தவிர வேறெதுவும் நடக்கவில்லை.

ஞாயிறு மாலை மகள் வீடியோவில் வருவாள். அன்று பேச்சுக்கு நடுவே சார்ஜ் குறைந்தது. படுக்கையறைக்குப் போய் ஒயரைச் சொருகினேன்.

"பா, பின்னாடி என்ன அது, ஓநாய்?"

"நரிம்மா. சும்மா, அழகுக்கு."

"யார் உன்ன ஏமாத்தினது? அது ஓநாய் பா." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் இருக்கும் மலைப் பக்கத்தில் ஓநாய்கள் திரும்பி வந்திருக்கின்றனவாம். பள்ளியில் அதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்ததாம். "ஆடு வச்சிருக்கிறவங்க சுடணும்ங்கறாங்க. ஆடு இல்லாதவங்க காப்பாத்தணும்ங்கறாங்க."

"நானே ஒரு தனி ஓநாய்தான்," என்றேன். "போன மாசம் எழுதியிருந்தேனே."

"படிச்சேன். நீ என்னவோ அத கெத்துனு நெனச்சுக்கிட்டிருக்க. தனி ஓநாய்னா குடும்பத்த விட்டு வந்துட்டு, துணை கெடைக்குமான்னு அலையறது. பாதி நாள் பட்டினி. கூட்டத்துல இருக்கறதுங்கதான் தைரியமா ஊளையிடும். இது பெரும்பாலும் வாயே தெறக்காது."

"ஏன்?"

"வேற கூட்டத்துக்குக் கேட்டுச்சுன்னா வந்து கடிச்சுடுமேன்னு பயம்."

நான் எழுதிய ஓநாய் மலை உச்சியில் நிலவைப் பார்த்தபடி நின்றது. யாரையும் லட்சியம் செய்யாதது. வாசகர்கள் நாலு பேர் பாராட்டியிருந்தார்கள். அவள் சொல்லும் ஓநாயை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருடமாக அதற்குச் சோறு வடித்துப் போடுகிறேன்.

"ஆகஸ்ட்ல வரியாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

சிரிப்பு நின்றது. "முடியாது பா. ஒரு கேம்ப்ல சேந்துட்டேன்."

"எப்ப?"

"போன வாரம்தான். ஈஸ்டர்லேர்ந்து நீ கூப்புடுவன்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீ மோட்டார் பத்தியே பேசிக்கிட்டிருந்த."

இந்த மாதிரி இடங்களில் எனக்கு ஒரு நகைச்சுவை வந்துவிடும். அன்றும் வந்தது, நன்றாகவே இருந்தது. விழுங்கினேன்.

"அப்ப அடுத்த ஆகஸ்ட்ல வா."

"அதுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கே பா."

"இருக்கட்டும். இப்பவே கூப்புடறேன். அம்மாவையும் கூட்டிக்கிட்டு வா."

அவள் முகத்தைத் திருப்பி, "அம்மா, அப்பா உன்னையும் கூப்புடறாரு," என்று சத்தமாகச் சொன்னாள்.

உள்ளே எங்கோ பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. கைப்பேசியைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டேன். குழாயை மறுபடி திறக்கும் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.