எல்லையம்மன், வெர்ஷன் 101.1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு ஒரு மெயில் வந்தது. 'எல்லையம்மனில் ஐந்து ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. எல்லையம்மன் காலாவதியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் நீக்கவும்.'

பதறாதீர்கள். அனுப்பியது ஒரு கம்ப்யூட்டர். பதற வேண்டிய ஆள் நான்தான்...

பத்திரிகையில் பத்தி எழுதி மட்டும் குடும்பம் நடத்த முடியாது என்பதால், பகலில் அம்பத்தூரில் ஒரு குட்டி சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மொத்தம் பதினொரு பேர். முதலாளி முனிரத்தினம் வேப்பம்பட்டுக்காரர். குடும்பத்து நிலத்தை விற்றுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டவர்.

எங்கள் எல்லா புரோகிராம்களுக்கும் பொதுவாகத் தேவைப்படும் வேலைகள் சில உண்டு. தேதி பார்ப்பது, பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது, இப்படி. அவற்றை ஒரே இடத்தில் எழுதி, ஒரு பேக்கேஜாகக் கட்டி வைத்திருக்கிறோம். வீட்டில் சாம்பார்ப் பொடி டப்பா இருக்கிறதே, அது மாதிரி. எந்தக் குழம்பு வைத்தாலும் அந்த டப்பாவைத்தான் திறக்க வேண்டும். டப்பாவுக்கு ஒரு பெயர் வேண்டும். பொடியை மாற்றும்போதெல்லாம் ஒரு வெர்ஷன் நம்பர் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இரண்டையும் முனிரத்தினமே முடிவு செய்தார். பெயர் — அவர்கள் குலதெய்வம். நம்பர் — மொய் எழுதும் முறை. பூஜ்யத்தில் முடியக் கூடாதாம். 1.1-இல் ஆரம்பித்து 11.1, 21.1, 51.1 என்று போய் 101.1-இல் வந்து நின்றது. "இருபத்தொன்றுக்கும் ஐம்பத்தொன்றுக்கும் நடுவில் இருந்த வெர்ஷன்கள் எங்கே சார்?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். "அதெல்லாம் நாங்க போடறதில்ல" என்றார் முனிரத்தினம்.

பெயர் வைத்த அன்று எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு திரையில் வர ஆரம்பித்த செய்திகள் இருக்கின்றனவே... 'எல்லையம்மனைக் காணவில்லை.' 'எல்லையம்மனை அழைத்தீர்கள், ஆனால் பயன்படுத்தவில்லை.' ஒரு நாள் 'எல்லையம்மன் பதிலளிக்க மறுக்கிறது' என்று வந்தபோது, முனிரத்தினம் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வேப்பம்பட்டுக்கு ரயில் ஏறினார். குங்குமத்தோடு திரும்பி வந்து பார்த்தால், எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நாங்கள் சர்வரை ரீஸ்டார்ட் செய்ததை அவரிடம் சொல்லவில்லை. நல்லவேளை, அவர் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை மெயிலுக்கு வருகிறேன். அனுப்பிய கம்ப்யூட்டர் இருப்பது வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில். எங்கள் பெரிய வாடிக்கையாளர். பழைய பேக்கேஜ் வெள்ளி மாலைக்குள் நீங்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து. அந்தக் கல்லூரி போனால் கம்பெனி போகும். கம்பெனி போனால் நாற்பத்தெட்டு வயதில், வானகரம் ஃப்ளாட்டின் லோனைத் தலையில் வைத்துக்கொண்டு, நான் எங்கே போவது? யார் எனக்கு வேலை தருவார்கள்? வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பவே பயமாக இருந்தது.

புதிய பேக்கேஜை லட்சுமி இரண்டே நாளில் எழுதிவிட்டாள். தென்காசிப் பெண், எங்கள் ஆபீசிலேயே கெட்டிக்காரி. பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். மீதி ஒரே வேலை. 'அன்இன்ஸ்டால் எல்லையம்மன்' என்று டைப் செய்து, என்டர் தட்ட வேண்டும்.

யார் தட்டுவது?

"சார், எனக்கு தை மாசம் கல்யாணம்" என்றாள் லட்சுமி. இந்த நேரத்தில் சாமி கோபத்தை யார் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்?

பக்கத்து சீட் சேவியரைப் பார்த்தேன். "நான் நீக்குனா அது வேற மாதிரி பிரச்சனை ஆயிடும் சார்" என்றான். நியாயம்தானே?

சரவணன் கறுப்புச் சட்டைக்காரர். கடவுள் இல்லை என்று டீக்கடையில் தினமும் வாதாடுகிறவர். அவரிடம் போய் நின்றேன். "சாமி இல்லன்னு எந்த மேடையில வேணாலும் பேசறேன் அறிவு. ஆனா எங்கம்மா கேட்டா இன்னா சொல்றது?" என்றார். ஆபீசில் என்னை அறிவு என்றுதான் கூப்பிடுவார்கள்.

வியாழக்கிழமை முனிரத்தினத்திடம் போனேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"ஏற்கனவே ஒரு தபா அம்மாவ எடுத்து ஓரமா வெச்சிகீறோம் அறிவு. நெலத்த வித்தப்போ, வாங்கினவன் ரோடு போடணும்னான். இப்ப ரெண்டாவது தபா... நானே எப்படி எடுன்னு சொல்லுவேன்?"

கிண்டல் செய்யத்தான் போயிருந்தேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் போனை எடுத்து எல்லையம்மன் கோயில் பூசாரியைக் கூப்பிட்டார். பூசாரி ஏகாம்பரம் வார நாட்களில் எங்கள் அடுத்த தெருத் தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், யூனிஃபார்மோடு வந்து உட்கார்ந்தார். நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"பழச இடிக்கப் போறீங்க. புதுசு ரெடியா கீது. அவ்ளோதானே?"

"அவ்வளவுதான்."

"பாலாலயம் பண்ணிட்டீங்களா?"

"அப்படின்னா?" என்றாள் லட்சுமி.

"கோயில இடிச்சிக் கட்டறப்போ, அம்மாவ உள்ள வெச்சிகினேவா இடிப்பாங்க? கும்பத்துல எறக்கி, பக்கத்துல சின்னதா ஒரு எடத்துல வெக்கணும். பூஜ அங்க நடக்கும். பழைய எடத்துக்கு யாரும் போவ மாட்டாங்க. அப்பால இடிச்சா, அது வெறும் கல்லுதான் சார்."

லட்சுமி என்னைப் பார்த்தாள். நான் லட்சுமியைப் பார்த்தேன். நடுவில் ஒரு தற்காலிக பேக்கேஜ் வைத்து, எல்லா புரோகிராம்களையும் அதன் பக்கம் திருப்பிவிட்டு, பழையதை யாரும் தொடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் நீக்குவது — இதைச் சொல்லிக்கொடுக்க எங்கள் துறையில் டை கட்டிக்கொண்டு வந்து மூன்று நாள் வகுப்பு எடுக்கிறார்கள்.

அரை மணி நேரத்தில் லட்சுமி 'பாலாலயம்' என்று ஒரு பேக்கேஜ் எழுதினாள். வெர்ஷன் 1.1, வேறென்ன? எல்லையம்மனை ஒரு பென்டிரைவில் இறக்கினோம். கும்பத்துக்காக, பக்கத்து மெஸ்ஸில் ஒரு பித்தளைச் சொம்பு இரவல் வாங்கினோம். பென்டிரைவைத் தண்ணீருக்குள் போடலாமா என்று ஒரு சின்ன விவாதம் நடந்தது. "வாரன்டி கீதா?" என்று கேட்டார் பூசாரி. இல்லை என்றதும், சொம்பின் கழுத்தில் மஞ்சள் நூலால் கட்டிவிட்டார். ஆபீசுக்குள் கற்பூரம் ஏற்றினால் அலாரம் அடிக்கும் என்பதால் பார்க்கிங்கில் வைத்துத்தான் பூஜை. எல்லோரும் கும்பிட்டோம். சரவணன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் — செருப்பைக் கழற்றிவிட்டு.

நாலரை மணிக்கு நானே தட்டினேன். ஐந்து மணிக்குக் கல்லூரியிலிருந்து 'சரி' என்று பதில் வந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். வேலை இருக்கிறது. முனிரத்தினம் பென்டிரைவைச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை, புதியதற்குப் பெயர் வைக்கும் படலம்.

"இனிமே சாமி பேரு வாணாம். தப்பு பண்ணா திட்ட முடியல. வயசானா அனுப்ப முடியல. மனுசன் பேரு வெப்போம்" என்றார் முனிரத்தினம்.

எந்த மனுஷன்? ஊழியர் பட்டியலை எடுத்தார். லட்சுமி, சாமி. கணக்கு பார்க்கும் முருகன், சாமி. சரவணனும் சாமிதான், அவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும். சேவியர், புனிதர். எந்தக் கோயிலிலும் இல்லாத ஒரே பெயர், தமிழாசிரியர் மகனான என்னுடையதுதான். அறிவழகன், வெர்ஷன் 1.1.

முதலில் பெருமையாக இருந்தது. வீட்டில்கூட இரண்டு தடவை சொன்னேன்.

இப்போது ஆபீஸ் முழுக்கத் திட்டு என் பெயரில்தான். "இந்த அறிவழகன் ரொம்ப ஸ்லோ." "அறிவழகன் எதுக்கு இவ்ளோ எடத்த அடைச்சிகினு கீது?" நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறேன்... யாரும் குரலைக்கூடக் குறைப்பதில்லை.

இந்த வாரம் மெயில் வந்துவிட்டது. 'அறிவழகன் 1.1 காலாவதியாகிவிட்டது. நீக்கவும்.'

யார் நீக்குவது என்று நிமிர்ந்து பார்த்தேன். அதற்குள் மூன்று பேர் நீக்கியிருந்தார்கள்.