ராஜாத்தியைத் தொட்டுப் பாருங்க

கோவிந்தசாமிக்குச் சிங்கப்பூரில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பாம்புதான் இருந்தது. கேலிக்காகச் சொல்லவில்லை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், நகராட்சித் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், லைன் என்போம், அவருடைய அடுத்த அறையில் பன்னிரண்டு வருஷம் குடியிருந்தவன் நான். இருவருக்கும் கால்வாய் சுத்தம் செய்கிற வேலை.

1955 மழையில், கல்லாங் பக்கம் ஒரு மதகுக்கு அடியில் மலைப்பாம்பு ஒன்று முட்டைகளைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தது. எங்கள் கூட்டம் மண்வெட்டியோடு பாய்ந்தது. நானும் ஒரு போடு போட்டேன். கோவிந்தசாமி மட்டும் தள்ளி நின்று, “அது உங்களை என்னய்யா செஞ்சுச்சு?” என்று கத்திக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தபின் உடையாத முட்டை ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். பைத்தியம் என்று சிரித்தோம். இரண்டு வாரத்தில் முட்டை பொரிந்தது. ராஜாத்தி என்று பெயர் வைத்தார்.

ஆறு வருஷத்தில் ராஜாத்தி பத்தடிக்கு மேல் வளர்ந்துவிட்டாள். ஞாயிறு காலையில் அவளைக் குளிப்பாட்டித் துடைத்து, பிரம்புக்கூடையில் சுருட்டி வைத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவார். பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்று வருத்தம் வேறு. தேக்கா மார்க்கெட் வாசல், பாரர் பார்க் திடல், சில வாரம் எஸ்பிளனேட் கடற்கரை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, “தொட்டுப் பாருங்க, ஒண்ணும் செய்யாது லா” என்று கூப்பிடுவார். மகுடிக்காரன் என்று யாராவது சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அதைவிடக் கோபம், நம் பெண்கள் பாலும் முட்டையும் கொண்டுவந்து கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது. ஒரு சமயம் ராஜாத்தியின் தலையில் குங்குமமே வைத்துவிட்டார்கள்.

“சாமி இல்லம்மா, இது பிராணி. இங்க கும்பிடுறீங்க, வீட்டுக்குள்ள வந்தா அடிச்சுக் கொல்றீங்க. பயம் போகணும். தொட்டாத்தான் போகும்.”

தொடுவதற்கும் முறை சொல்லிக்கொடுப்பார். கையை மேலேயிருந்து கொண்டுபோகக் கூடாது, பருந்து என்று மிரளும். உள்ளங்கையைத் தாழ்வாக நீட்ட வேண்டும். முகர்ந்து பார்க்க விட வேண்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

எங்கள் லைனில் கடைசி அறை சிவகாமசுந்தரியுடையது. அவளுடைய மூத்த மகள் அஞ்சலைக்கு ஒன்பது வயது. மற்றப் பிள்ளைகள் ராஜாத்தி மேல் சாய்ந்து விளையாடும்போது, இவள் மட்டும் தூணுக்குப் பின்னால் நின்று கை கூப்புவாள். கோவிந்தசாமிக்கு அது பொறுக்கவில்லை. நாலு மாதம் மெனக்கெட்டு, முதலில் வாலை, பிறகு வயிற்றை, கடைசியில் தலையைத் தொட வைத்தார். அன்றைக்கு லைன் முழுக்க மிட்டாய் கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன்.

1961 டிசம்பரில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் பிற்பகல், துணி துவைக்கிற இடத்துக்குப் பின்னால் உள்ள கால்வாய் ஓரத்தில் அஞ்சலை ஒரு கருநாகத்தைப் பார்த்தாள். ஓடவில்லை. கூட நின்ற பிள்ளைகள்தான் பிறகு சொன்னார்கள்: உட்கார்ந்து உள்ளங்கையைத் தாழ்வாக நீட்டினாளாம்.

நானும் கோவிந்தசாமியும் அவளைத் தூக்கி ஒரு வாடகை வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். வண்டியில் நாக்கு குழறிக் குழறிச் சொன்னாள்: “ராஜாத்தியோட குட்டின்னு நெனச்சேன் மாமா. கையை இழுக்கவே இல்ல.”

டாக்டர்கள் ராத்திரி முழுவதும் பாடுபட்டார்கள். விடிவதற்குள் போய்விட்டாள்.

கோவிந்தசாமி சிவகாமசுந்தரி முன்னால் போய்க் குனிந்து நின்றார். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. “எம் பொண்ணு சாமின்னு தூர நின்னு கும்பிட்டுட்டு வந்திருக்கும் அண்ணே. நீங்கதான் தொடச் சொன்னீங்க” என்றாள். அவ்வளவுதான்.

அஞ்சலை போன ஐந்தாம் நாள் நாங்கள் வேலை முடிந்து வரும்போது, அதே கால்வாய் ஓரத்தில் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்து, பொந்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோவிந்தசாமி போட்ட கூச்சலில் இரண்டு பேர் துள்ளி எழுந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, “அஞ்சலை தப்பா நீட்டிருச்சு மாமா. நாங்க சரியா நீட்டுவோம்” என்றாள். அவருடைய முகம் செத்துப்போயிற்று. இந்தப் பிள்ளைகளில் இன்னும் எத்தனை பேர் போகப்போகிறார்களோ என்ற பயம் அன்றுதான் அவரைப் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை லைன் பிள்ளைகள் அத்தனை பேரையும் கூப்பிட்டார். ராஜாத்தியைத் தரையில் விட்டார். “பாருங்க, இது கடிக்கும்” என்று தன் கையை அவள் வாய்க்கு நேரே ஆட்டினார். தலையில் தட்டினார். வாலை முறுக்கினார். கழுத்தைப் பிடித்து அழுத்தினார். அவள் மெல்ல அவர் முழங்கையைச் சுற்றிக்கொண்டு தோளில் தலையை வைத்தாள். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அந்தக் குற்றவுணர்ச்சி இன்னும் போகவில்லை.

அவளை உதறிக் கீழே போட்டார். சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்தார். முதல் போட்டுக்கே அவள் துவண்டுவிட்டாள். அவர் நிறுத்தவில்லை. வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டிக்கொண்டே, அழுதுகொண்டே வெட்டினார். பிள்ளைகள் அலறிக்கொண்டு அறைகளுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் கால்வாய் பக்கம் போகவில்லை. கோவிந்தசாமியின் பக்கமும் போகவில்லை. குழாயடியில் அவர் நின்றால் குடத்தை விட்டுவிட்டு ஓடும். சோறு ஊட்டுகிற தாய்மார்கள் கோவிந்தசாமி வருகிறார் என்று சொல்லி மிரட்டக்கூடத் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்கு நடுவிலேயே ஆறு வருஷம் உட்கார்ந்திருந்த மனுஷன். அவர் ஒருவரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

1963இல், நான் பார்க்கவே, நடைபாதையில் சிவகாமசுந்தரியின் சின்ன மகள் அவருக்கு எதிரே வந்துவிட்டாள். மூன்று வயது இருக்கும். வீறிட்டு ஓடி அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கோவிந்தசாமி பதறிப்போய், “ஒண்ணும் செய்யமாட்டேன்மா” என்று குனிந்தார்.

இரண்டு வருஷமாக அவரோடு பேசாதிருந்த சிவகாமசுந்தரி அன்றைக்குப் பேசினாள்.

“விடுங்கண்ணே. பயப்படட்டும். இதாவது பயந்துகிட்டு உயிரோட இருக்கட்டும்.”