எழுதாத கட்டுரைக்கு எத்தனை சைட்டேஷன்?

போன மாதம் என் மச்சான் சரவணன் கடலூர் வந்திருந்தான். மனைவியின் தம்பி. வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பிரபஞ்சவியல் விஞ்ஞானி. சில்வர் பீச்சுக்கு அழைத்துப் போய் சுண்டல் வாங்கிக் கொடுத்தேன். சாப்பிடாமல் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பதவி உயர்வு நேரம். அவர்கள் உலகத்தில் அதற்கு சைட்டேஷன் முக்கியம். நீங்கள் எழுதிய கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் ஆதாரமாகக் காட்டினால் ஒரு சைட்டேஷன். நம்முடைய லைக் மாதிரிதான்… ஆனால் இதற்குச் சம்பளம் கூடும்.

ஏறியிருக்கிறதா, இல்லையா என்று கேட்டேன்.

"ஏறிக்கிட்டேதான் இருக்கு மாமா. அதான் பயமா இருக்கு" என்றான்.

அவன் காட்டிய பக்கத்தில் அவனுடைய கட்டுரைகள் வரிசையாக இருந்தன. சமீபத்தில் அதிகம் பேர் எடுத்துக் காட்டியது முதலில். 'வெற்றிடத்தின் ஞாபகம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. எழுதியவர்கள் அமலன், சரவணன். வெளியானது போன வருடம்.

சரவணன் அப்படி ஒரு கட்டுரை எழுதவே இல்லை. அமலனோ அதற்கும் முன்பே இறந்துவிட்டார்!

அமலன் சிதம்பரத்துக்காரர். இவனோடு சேர்ந்து படித்து, சேர்ந்தே ஆராய்ச்சி செய்தவர். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தவர், எழுந்திருக்கவில்லை.

காரணத்தை சரவணனே சொன்னான். இப்போது பலர் ஏஐ-யை வைத்துக் கட்டுரை எழுதுகிறார்கள். ஆதாரம் கேட்டால், இல்லாத கட்டுரையைக்கூட அது பெயர், வருடம், பக்க எண்ணோடு கொடுத்துவிடும். ஒருவர் சரிபார்க்காமல் போட, அவரைப் பார்த்து அடுத்தவர் போட… கட்டுரை பிறந்துவிட்டது.

சரி, மர்மம் தீர்ந்தது என்றேன்.

தீரவில்லை. கேலக்ஸிகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லாத பிரம்மாண்டமான இடங்கள் இருக்கின்றனவாம். அந்த வெறுமையில் பிரபஞ்சத்தின் ஆரம்ப காலத்துச் சுவடு அழியாமல் கிடக்குமா? இது அமலனின் யோசனை. பிச்சாவரத்தில் படகில் போகும்போது சொன்னாராம். 'வெற்றிடத்தின் ஞாபகம்' என்று பெயர் வைத்ததும் அவர்தான். இருவரும் அதை எங்கேயும் எழுதவில்லை. யாருக்கும் மெயில் அனுப்பவில்லை.

பிறகு மெஷினுக்கு யார் சொன்னது?

நானும் சுண்டலை மடித்து வைத்துவிட்டேன்.

மறுநாள் இருவரும் சிதம்பரம் போனோம். அமலனின் மனைவி ஜெசிந்தா பள்ளிக்கூட டீச்சர். கணவரின் மெயிலை இன்னும் மூடாமல் வைத்திருப்பவர். புதுக் கட்டுரை பற்றிய தகவல் அதில் வந்திருந்தது. டீ கொடுத்துவிட்டு சரவணனிடம் நேராகக் கேட்டார்.

"அண்ணா, இது அவரு எழுதுனதா?"

"இல்லம்மா. அப்பிடி ஒரு கட்டுரையே கெடையாது. மெஷின் போட்ட பேரு."

ஜெசிந்தா டீத் தட்டைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "ஆஸ்பத்திரியில கடைசியா இந்தத் தலைப்பதான் சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஜொரத்துல பெனாத்துறாருன்னு நெனச்சேன்."

சரவணன் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

ஊருக்குப் போனதும் அந்தக் கட்டுரை தன்னுடையது அல்ல என்று எழுதி, தன் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டான். பதவி உயர்வுக் கமிட்டிக்கும் தெரிவித்தான். எண்ணிக்கை சரிந்தது. பதவி உயர்வு இந்த வருடம் இல்லை என்றாகிவிட்டது. சும்மா இருந்திருக்கலாமே என்றார்களாம் கூட வேலை செய்பவர்கள்.

ஆனால், நீக்கிய கட்டுரை சும்மா இருக்கவில்லை. எங்கோ ஒரு நாட்டிலிருந்து புதிதாக ஒருவர் அதை எடுத்துக் காட்டினார். இந்த முறை முடிவையும் சேர்த்து — வெற்றிடத்தில் சுவடு அழிவதில்லை என்று அமலனும் சரவணனும் நிரூபித்திருக்கிறார்களாம்.

போன ஞாயிற்றுக்கிழமை சரவணன் போன் செய்தான். அந்தக் கட்டுரையை உண்மையிலேயே எழுத ஆரம்பித்துவிட்டானாம். அமலனின் பெயர்தான் முதலில். முடித்ததும் முதல் பிரதி ஜெசிந்தாவுக்கு.

எப்படிப் போகிறது என்றேன்.

"ஒரு வரி அடிச்சுத் திருத்த வேண்டியதில்ல மாமா. முன்னாடியே எழுதி வச்சத பாத்து எழுதுற மாதிரி வருது."

"பயமா இல்லியாடா?"

"தனியா எழுதுனாத்தான மாமா பயம்" என்றான்.

அதன் பிறகு நான் போன் செய்யவில்லை. அவர்கள் வேலையை நாம் கெடுப்பானேன்?