ஆடிக் காற்றுக்குச் சாத்திய கதவு

நான் பயிற்சி பெற்ற நர்ஸ். ஆடியில் கம்பம் ஊரிலிருக்கும் அக்காள் வீட்டுக்கு வந்தபோது, அவள் பிள்ளைகள் அளவுகளைப் பழகட்டும் என்று பிஸ்கோத்து சுட வைத்தேன். மாவும் சர்க்கரையும் அவர்களே உழக்கால் அளந்தார்கள். வெளியே காற்று தணலைப் பறக்கடித்ததால் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவு சன்னலெல்லாம் சாத்தினேன்.

சற்று நேரத்தில் சின்னவள் வள்ளி, "சித்தி, தலை சுத்துது" என்று என் மேல் சாய்ந்தாள்.

"மொதப் பிஸ்கோத்துக்கு நடிக்கிறா சித்தி!" என்று அவள் அண்ணன் சிரித்தான்.

எனக்கும் தலை கனத்தது. மூடிய அறையில் கரி நெருப்பு நச்சுக்காற்றை உண்டாக்கும் என்று படித்தது அப்போதுதான் உறைத்தது. இருவரையும் முற்றத்துக்கு இழுத்து வந்தேன். துவண்டு கிடந்த வள்ளி மெல்லக் கண் திறந்து, "கருகிருச்சா சித்தி?" என்றாள். எனக்கு உயிர் வந்தது.

இப்போது அடுப்பை வெளியில்தான் பற்றவைக்கிறேன். காற்று ஓயாத நாளில் பொரிகடலையும் வெல்லமும்தான். அதையும் அவர்களே அளந்து தின்கிறார்கள்.