வெளிச்சம் தெரியத் திருப்பிய ஃபான்கள்

பிள்ளைகளே, கொம்பியூட்டர் பெட்டிக்குள் நிறம் நிறமாக எரிகிற லைற் ஃபான் வேண்டும் என்று நீங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்பா வேலை செய்வதே கொம்பியூட்டர் கடையில், பிறகு ஏன் அந்தக் கதை எடுத்தால் முகம் மாறுகிறது என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். கோபம்தான். உங்களில் இல்லை. எதில் என்று எழுதுகிறேன், வாசியுங்கள்.

ஒருநாள் காலமை முதலாளி என்னை இணுவிலுக்கு அனுப்பினார்.

"ஒரு ஃபானுக்கு லைற் எரியேல்லையாம். கனடாவிலை இருக்கிற மகன்தான் காசு கட்டினவர். பெரிய கஸ்டமர். ஓடிப்போய்ப் பாத்துப்போட்டு வா சிவம்."

அந்த வீட்டுக் கொம்பியூட்டர் பெட்டியை எங்கள் கடையில் வேறொருவர் பொருத்திப் பூட்டியிருந்தார். எந்த ஃபான் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அந்த மகன் வீடியோ கோலில் சொல்லச் சொல்லப் பூட்டினதாம். எங்கள் ஊரில் காசு அனுப்புகிறவர்தான் கேற்றுக்கு என்ன நிறம் என்பதுவரை போனில் சொல்லுவார். சொன்னால் சொன்னதுதான்.

நான் போனபோது அங்கே தாயும், துளசி என்ற மகளும் நின்றார்கள். மகன் ஏற்கெனவே போனில். கனடாவில் நடுச்சாமம், ஆனாலும் முழித்திருந்தார். தாய் போனைப் பெட்டிக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெட்டியின் கேசிங் முன்னும் ஒரு பக்கமும் கண்ணாடி, மீன்தொட்டி மாதிரி. உள்ளே ஃபான்கள் எல்லாம் நிறம் மாறி மாறி எரிந்தன. மேல் மூலையில் ஒன்று மட்டும் இருட்டு.

துளசி மெதுவாகச் சொன்னாள். "அண்ணை, லைற் கிடக்கட்டும். ரெண்டர் போட்டால் பாதியிலை பெட்டி நிண்டுபோகுது. மூண்டுதரம் நிண்டிட்டுது."

ரெண்டர் என்றால், கொம்பியூட்டரில் கோடு போட்டுக் கீறி வைத்த வீட்டை போட்டோ எடுத்த மாதிரிப் படமாக்குவது. மணிக்கணக்கில் ஓடும், பெட்டி கொதிக்கும். கொழும்பில் ஒரு கட்டடக் கம்பனி அவளைப் பரீட்சித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று பின்னேரம் ஐந்து மணிக்குள் ஒரு வீட்டின் படத்தை அனுப்பினால் வேலை. அனுப்பாவிட்டால் இல்லை. ஒருவரிடமும் சொல்லாமல் அவளே தேடிப் பிடித்த வேலை அது.

"நீ கொஞ்சம் பொறு துளசி," என்றது போன். "அண்ணை, முதல் அந்த மூலை லைற்றைப் பாருங்கோ."

பார்த்தேன். இப்படியான ஃபானுக்கு இரண்டு வயர். ஒன்று சுற்ற, மற்றது எரிய. எரிகிற வயர் சரியாக இறங்கவில்லை, அவ்வளவுதான். பிளக்கின் அம்புக்குறியை நேராக வைத்து அழுத்தினேன், எரிந்தது. (அந்தப் பிளக்கில் மூன்று பின் ஐந்து வோல்ற், நாலு பின் பன்னிரண்டு வோல்ற். மூன்றை நாலில் பலவந்தமாகச் செருகினால் லைற் ஒரேயடியாகப் போய்விடும். இது நீங்கள் கட்டாயம் மனதில் வைக்க வேண்டியது.)

முதலாளிக்குப் போன் எடுத்து, பெட்டி நின்றுபோகிறதாம் என்று சொன்னேன்.

"லைற் எரியுதெல்லோ? அப்ப வெளிக்கிட்டு வா. மிச்சத்துக்கு அவையே திரும்பக் கூப்பிடுவினம்."

எனக்கு அப்போதே கோபம் ஏறத் தொடங்கிவிட்டது. ரிஷ்யூத் தாளில் ஒரு துண்டு கிழித்து, பெட்டியின் மேலே பிடித்தேன். வெளியே ஆடியது. பின்னால் வெளியே. கண்ணாடி இல்லாத பக்கத்திலும் வெளியே. அடியில் பிடித்தால் அங்கேயும் வெளியே. எல்லா ஃபானும் காற்றைத் துரத்துகின்றன. உள்ளே எடுக்க ஒன்றும் இல்லை. ஃபானால் வராத காற்று இடுக்குகளால் வந்திருக்கிறது, அதோடு இணுவில் செம்மண்ணும். படத்தை உருவாக்குகிற கிராபிக்ஸ் கார்டின் தகடெல்லாம் சிவப்பு மாப் பூசின மாதிரி இருந்தது. கண்ணாடியில் கை வைக்க முடியவில்லை.

காரணம் இதுதான். ஃபானுக்கு ஒரு பக்கம் அழகு, மறுபக்கம் சட்டமும் ஸ்ரிக்கரும். அழகான முகத்தால் காற்றை இழுத்து, சட்டத்துப் பக்கத்தால் தள்ளும். கண்ணாடிக்குள் எல்லா முகமும் தெரிய வேண்டும் என்று திருப்பினால் எல்லாமே வெளியேதான் தள்ளும்.

"அடியிலை இருக்கிற மூண்டையும் திருப்பவேணும் தம்பி," என்றேன் போனைப் பார்த்து.

"ஐயோ வேண்டாம். திருப்பினால் சட்டமெல்லே தெரியும். நான் லைற்றுக்குத்தான் காசு குடுத்தனான். இன்ரநெற்றிலை எல்லாரும் உப்பிடித்தான் பூட்டியிருக்கினம்."

"அவை பூட்டுறது ரிவேஸ் ஃபான். அதுக்கு இதழ் மற்றப் பக்கம் வளைஞ்சது, முகப் பக்கத்தாலை காத்தைத் தள்ளும். இது சாதாரண ஃபான். கார்ட் அவியுது தம்பி."

"உங்கை கரண்ட் பிழையா இருக்கும்."

"அண்ணா, எனக்கு அஞ்சு மணிக்குள்ளை..." என்று துளசி தொடங்கினாள்.

"பொம்மை வீடு கீறுறதுக்கு என்னடி அவசரம்?"

ஸ்குரூ டிரைவர் என் கையில் இருந்தது. என் வாயில் வந்ததை இங்கே எழுத மாட்டேன். ஆனால் நான் அதைச் சொல்ல முதல் தாய் மகனிடம், "தம்பி, இஞ்சை சிக்னல் இழுக்குது," என்று சொல்லி, போனை மேசையில் குப்புற வைத்தார். மேசைக்கு உள்ளே இருந்து "அம்மா, அம்மா" என்று கேட்டது. நிமிர்த்தி, கட் பண்ணிவிட்டு மறுபடி குப்புற வைத்தார்.

"நீங்கள் திருப்புங்கோ தம்பி. அவனோடை நான் கதைக்கிறன். ஏழு கடலுக்கு அங்காலை இருந்து லைற் பாக்கிறவனுக்கு, இஞ்சை இருந்து வேலை செய்யிறவளின்ரை சூடு தெரியுமே?"

மூன்றையும் கழற்றித் திருப்பினேன். தூசி தட்டினேன். ரிஷ்யூத் துண்டை அடியில் பிடித்தேன், உள்ளே இழுபட்டு, தூசி மறிக்கிற வலையில் ஒட்டியது. துளசி ரெண்டரைப் போட்டாள். நான் கடைக்கு வந்துவிட்டேன்.

ஐந்து மணிக்குச் சற்று முன் அவள் போன் எடுத்தாள். "அண்ணை, நிக்கேல்லை. அனுப்பிட்டன்." வேலை கிடைத்தது பிறகு தெரிந்தது.

மகன் அதற்கு முதலே கடைக்குப் போன் எடுத்துவிட்டார்.

"லைற் பாக்கப் போனனியோ, பெட்டியைப் பிரிக்கப் போனனியோ?" என்றார் முதலாளி. "நாளைக்குப் போய்ப் பழையபடி திருப்பிப்போட்டு வா."

"நான் போகமாட்டன்."

"ஓ, ஐயா இப்ப இஞ்சினியரோ?"

"வேறை ஆரையும் அனுப்புங்கோ. அந்த அம்மா கேற் திறக்கமாட்டா."

ஒருவரும் போகவில்லை. முதலாளி ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. என் கோபம் இன்னும் போகவில்லை. ஒருத்தி மூன்றுதரம் நின்றுபோனது என்று சொல்லுகிறாள். அதைக் கேட்காமல் ஒரு மூலை இருட்டாக இருக்கிறது என்று ஊர் முழுக்க ஓடுகிறோம்.

ஆகவே பிள்ளைகளே, லைற் ஃபான் வாங்கித் தருவேன். முதலில் எந்த வழியால் காற்று வரும், எந்த வழியால் போகும் என்று ஒரு தாளில் கீறிக் காட்டுங்கள். பிறகு நிறம். பெட்டிக்கு முன்னால் இருந்து வேலை செய்கிற ஆளிடம் கேட்டுத்தான் எதையும் பூட்ட வேண்டும்.

எங்கள் கடைக் கண்ணாடி அலுமாரியில் விற்பனைக்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். அதிலும் எல்லா முகமும் உள்ளே பார்த்தபடிதான் இருந்தது. அந்தக் கிழமையே ஒருநாள், முதலாளி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன நேரம், தனியே இருந்து அதன் அடி ஃபான் மூன்றையும் திருப்பிப் பூட்டினேன். கண்ணாடியால் பார்த்தால் சட்டமும் வயரும்தான் தெரிந்தது. பெட்டியை ஓடவிட்டு, ரிஷ்யூவில் ஒரு துண்டு கிழித்து அடியில் நீட்டினேன். அது மேலே போய் வலையில் ஒட்டிக்கொண்டது. எடுக்காமல் விட்டுவிட்டு, கையைக் கழுவிச் சாப்பாட்டுப் பாசலை அவிழ்த்தேன்.