என் வட்டத்திலிருந்து அம்மா இழுத்த கோடு

தொண்ணூறுகளின் நடுவில் நான் எம்.ஏ. சமூகவியல் படித்துக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரில் அந்தக் கோடையில் குழாய்களில் காற்றுதான் வந்தது. விடிந்ததும் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடி, அதே ஈரத் துப்பட்டாவோடு பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போவேன். மத்தியான வகுப்பில் கண் சொக்கும். அப்படி ஒரு மத்தியானத்தில்தான் எங்கள் பேராசிரியை வெளிநாட்டுப் பெண் ஒருத்தி எழுதிய கட்டுரையின் ஜெராக்ஸைக் கையில் கொடுத்தார்.

உறவுமுறை என்பதே ஆண்கள் தங்களுக்குள் பெண்களைக் கொடுத்து வாங்கும் ஏற்பாடு. கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் உறவு உண்டாகிறது, நடுவில் கைமாறுகிறவளுக்கு அதில் பேச்சில்லை. இதுதான் அதன் சாரம். வகுப்பே பரபரத்தது. எனக்குக் கொட்டாவி வந்தது. 'அங்கே பொண்ணு கொடுத்திருக்கோம், இங்கே பொண்ணு எடுத்திருக்கோம்' என்று எங்கள் வீட்டில் காபி ஆற்றிக்கொண்டே சொல்வார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒருத்தி வெளிநாட்டில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டுமா என்று பக்கத்தில் இருந்தவளிடம் கிண்டலடித்தேன்.

அவரவர் குடும்பத்தின் மூன்று தலைமுறையைப் படமாக வரைந்து, கட்டுரைக்கு எதிர்வினையாகப் பத்துப் பக்கம் எழுதி வரச் சொன்னார் பேராசிரியை. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு. கூடத்தில் சார்ட் பேப்பரை விரித்து வரைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, கோலமா?"

விளக்கினேன். அம்மாவுக்கு ஏக உற்சாகம். யாருக்கு யார் என்ன முறை என்று எனக்கு முன்னால் அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் தப்பாகப் போட்ட இரண்டு இடங்களைத் திருத்தினாள். பிறகு என் பென்சிலை வாங்கினாள். என் வட்டத்திலிருந்து தி.நகர் அத்தை பிள்ளையின் முக்கோணத்துக்கு இரட்டைக் கோடு இழுத்தாள். என் அண்ணாவின் முக்கோணத்திலிருந்து அத்தை பெண்ணின் வட்டத்துக்கு இன்னொன்று.

"இப்படித்தான் நானும் உங்க அத்தையும் பேசிண்டிருக்கோம். நம்மாத்துப் பொண்ணு அங்கே, அவாத்துப் பொண்ணு இங்கே. அப்போ யாரும் யாரையும் படுத்த முடியாது பாரு."

என் கல்யாணம் பேசி முடிக்கப்பட்டதை நான் தெரிந்துகொண்டது அப்படித்தான். கோபம் வந்தது. கோபத்தைவிட அலுப்பு அதிகமாக வந்தது. கட்டுரையில் பெண்களைக் கைமாற்றுகிறவர்கள் ஆண்கள். எங்கள் வீட்டில் பேரம் முழுக்க அம்மாவும் அத்தையும். அப்பா தலையாட்டியதோடு சரி. தான் பயந்து பயந்து வாழ்ந்த புகுந்த வீட்டை நினைத்து, எனக்கு ஒரு பாதுகாப்பு தேடித்தான் அம்மா அதைச் செய்திருக்கிறாள் என்பதும் புரிந்தது. அது இன்னும் சோர்வாக இருந்தது. அத்தனையையும் எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வெற்றிலை பாக்கோடு வந்தாள். நான் எம்.ஃபில். சேரப்போகிறேன், அத்தை பிள்ளையைக் கல்யாணம் செய்துகொள்ள இஷ்டமில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நான் என்ன தாம்பூலத் தட்டா, இந்தாத்துலேர்ந்து அந்தாத்துக்குப் போறதுக்கு?" என்று குரலை உயர்த்தினேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். அண்ணா தலையை நிமிர்த்தவேயில்லை.

அத்தை செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நடந்தா ரெண்டும் நடக்கட்டும். இல்லேன்னா ரெண்டும் வேண்டாம்."

இரண்டும் நின்றது. அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. என் கட்டுரைக்கு வகுப்பிலேயே அதிக மார்க். பேராசிரியை அதைச் சத்தமாக வாசித்தும் காட்டினார். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

நாலு மாதத்துக்குள் அத்தை பெண்ணுக்கு வேறு வரன் அமைந்தது. வடக்கே, ரயிலில் இரண்டு ராத்திரி போகவேண்டிய ஊர். தி.நகரில் ஒரு சத்திரத்தில் கல்யாணம். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் பூ வைத்துவிட என்னைப் பெண் இருந்த அறைக்கு அனுப்பினார்கள். மருதாணிக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். மற்றவர்கள் வெளியே போகும்வரை காத்திருந்தாள்.

"நீ வேண்டாம்னு சொன்னதுல தப்பில்லை" என்றாள் பிறகு. "எங்கண்ணாவை எனக்கே பிடிக்காது. ஆனா உங்கண்ணாவை எனக்குப் பிடிச்சிருந்தது. இங்கேயே இருந்துண்டு பி.எட். முடிச்சிருப்பேன். வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோல்லியோ?"

கேட்டிருந்தால் என்ன செய்திருப்போம் என்று தெரியாது. இரண்டு பேருமாகச் சேர்ந்து அத்தையிடம் சண்டை போட்டிருக்கலாம். ஒரு கல்யாணத்தையாவது மீட்டிருக்கலாம். என்னை யாரும் கேட்கவில்லை என்று ஊரைக் கூட்டிய நான், பத்துப் பக்கம் எழுதிய நான், தி.நகருக்கு பஸ் ஏறி அவளைப் போய்ப் பார்க்கவில்லை. தோன்றவேயில்லை. அதுதான் இன்றுவரை வலிக்கிறது.

"தெரியலைடி, எனக்குத் தோணலை" என்றேன். அவள் தலையாட்டினாள்.

வெளியே யாரோ கூப்பிட்டார்கள். "நாழியாறது, பொண்ணை அழைச்சுண்டு வாங்கோ!"

அறையில் வேறு யாரும் இல்லை. நான்தான் அவள் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போய், கன்னிகாதானத்துக்கு அவள் அப்பாவின் மடியில் உட்கார வைத்தேன்.